மரணமே தண்டனை என்றால், செத்தவருக்கு மறுபடி எதற்கு நியாயத்தீர்ப்பு?

சுருக்கெழுத்துக்காரி (கேள்வி)

சண்டே ஸ்கூலில் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். போன வாரப் பாடம் நான்கு கட்டம் போட்ட ஒரு படம். முதல் கட்டத்தில் பாவம், கடித்த பழம். இரண்டாவதில் மரணம், சவப்பெட்டி. மூன்றாவதில் நியாயத்தீர்ப்பு, வெள்ளைச் சிங்காசனம். கடைசியில் பாதை இரண்டாகப் பிரிந்து மேலே ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு. ஓரத்தில் இரண்டு வசனம்: பாவத்தின் சம்பளம் மரணம் என்ற ரோமர் 6:23, மனுஷர் ஒரே தரம் மரிப்பதும் பின்பு நியாயத்தீர்ப்படைவதும் நியமிக்கப்பட்டிருக்கிறது என்ற எபிரெயர் 9:27. பிள்ளைகள் வண்ணம் தீட்டி, வசனத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

ஒரு பெண் பிள்ளை பென்சிலையே தொடவில்லை. அவளுடைய தாத்தா இப்போதுதான் காலமானார். அப்பாவைப் பெற்றவர், சபைக்கே வராதவர், ஞானஸ்நானம் எடுக்காதவர். அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "மிஸ், பாவத்துக்குத் தண்டனை மரணம்னா, தாத்தா அதை வாங்கிட்டாரே. அப்புறம் மூணாவது கட்டம் எதுக்கு?" அவள் அழவில்லை. கணக்குப் பாடத்தில் விடை இடிக்கும்போது கேட்பார்களே, அந்தக் குரலில் கேட்டாள். பக்கத்தில் இருந்த பையன் அதோடு விடவில்லை. "இயேசு நமக்குப் பதிலா செத்துட்டார்னா நாம ஏன் மிஸ் சாகணும்?"

மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் பேசலாம் என்று எழுந்துகொண்டேன்.

நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக வேலை பார்ப்பவள். சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு, அப்புறம்தான் தண்டனை. இந்த வரிசை மூளையில் இல்லாவிட்டாலும் விரலில் இருக்கிறது. குற்றவாளிதான் என்று முடிவான பிறகும், தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்பார். ஒருவன் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்பான். இன்னொருவன் தரையைப் பார்த்தபடி நிற்பான், "ஒன்றும் இல்லை என்றார்" என்று நான் டைப் அடிப்பேன். விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி வரும். அந்த வரி விட்டுப்போனால் அடுத்த நாளே வக்கீல் வந்து நிற்பார்.

இந்தப் படத்திலோ வரிசையே தலைகீழ். முதலில் தண்டனை, பிறகு விசாரணை, அதன் பிறகு இன்னொரு தண்டனை. முதலில் அனுபவித்தது எங்கேயும் கழிக்கப்படவில்லை.

நீ வேதத்தை ஒழுங்காக வாசி என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். வாசித்ததால் வந்த சிக்கல்தான் இது. பாவத்தின் சம்பளம் மரணம் என்ற அதே அதிகாரத்தில், 16 வசனம் முன்னால், "மரித்தவன் பாவத்துக்கு நீங்கி விடுதலையாக்கப்பட்டிருக்கிறானே" என்று அந்த நிருபத்தை எழுதிய பவுலே சொல்லியிருக்கிறார் (ரோமர் 6:7). "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்" என்று எசேக்கியேல் 18:20 சொல்கிறது. சாகும் என்றுதான் இருக்கிறதே தவிர, செத்த பிறகு விசாரிக்கப்பட்டு எரியும் என்று அங்கே இல்லை.

"தேவனுடைய வழிகள் நமக்கு எட்டாது" என்ற பதிலை என் சபையிலேயே வாங்கிவிட்டேன். அது தவிர வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

---

வேதாகமக் கல்லூரி பழைய மாணவன்

சகோதரி, பிள்ளைகள் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்கள். நான் போதகர், எனக்கும் இந்தக் கேள்வியை அடக்க ஆராதனை முடிந்த கையோடு கேட்டவர்கள் உண்டு.

நீங்கள் காட்டிய ரோமர் 6:7-லிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த அதிகாரம் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசுகிறது. கிறிஸ்துவோடுகூட மரித்தவன், அவரோடுகூடப் பிழைத்தவன் என்று 3-ஆம் வசனத்திலிருந்தே அதே பேச்சு ஓடுகிறது. படுக்கையில் உயிர் விட்டவனைப் பற்றிய வசனம் அல்ல அது. அதை உருவி எடுத்து, செத்தவன் கணக்கு தீர்ந்தது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

எபிரெயர் 9:27-ம் அதே மாதிரிதான். எழுதினவர் மரணத்துக்குப் பின் நடப்பதற்கு அட்டவணை போடவில்லை. மனுஷன் ஒரே தரம் மரிக்கிறதுபோல கிறிஸ்துவும் ஒரே தரம் பலியிடப்பட்டார், வருஷா வருஷம் பலி வேண்டாம் என்பதுதான் அவர் வாதம். அடுத்த வசனத்தோடு சேர்த்து வாசித்தால் தெரியும். செத்த பின் இயேசு உயிரோடு எழுப்பிய பெத்தானியா லாசருவை நினைத்துப் பாருங்கள். அவன் ஒரே தரமா மரித்தான்?

மரணம் என்பது வேதத்தில் சரீர மரணம் மட்டும் இல்லை. "அதை நீ புசிக்கும் நாளில் சாகவே சாவாய்" என்று ஆதாமுக்குச் சொல்லப்பட்டது. புசித்தான். அன்றைக்குச் சாகவில்லை, 930 வருஷம் உயிரோடு இருந்தான் (ஆதியாகமம் 5:5). அன்றைக்கே நடந்தது தேவனைவிட்டுப் பிரிந்த ஆவிக்குரிய மரணம். சரீர மரணம் அதன் விளைவு. நியாயத்தீர்ப்புக்குப் பின் வருவதை வெளிப்படுத்தின விசேஷம் இரண்டாம் மரணம் என்கிறது. சம்பளம் என்று பவுல் சொன்னது இவை எல்லாம் சேர்ந்த முழு மரணத்தை. தாத்தாவின் சரீர மரணத்தோடு அது முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

பையனுடைய கேள்விக்கு வயது நானூறுக்கு மேல். 1563-இல் ஜெர்மனியில் சீர்திருத்த சபைக்காக வந்த ஹைடெல்பெர்க் வினாவிடை என்ற விசுவாசப் பாடநூலில் 42-ஆம் கேள்வி கிட்டத்தட்ட அதுதான்: கிறிஸ்து நமக்காக மரித்திருக்க, நாம் ஏன் மரிக்க வேண்டும்? நம் மரணம் பாவத்துக்குச் செலுத்துகிற ஈடு அல்ல, பாவத்துக்கு முடிவும் நித்திய ஜீவனுக்கு வாசலும் ஆகும் என்று அங்கே பதில். அவனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.

---

மண்ணுக்குத் திரும்புகிறவன்

பாஸ்டர் ஐயா சொன்ன மூன்று மரணத்தை நானும் இருபது வயது வரை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

அக்கா, உங்கள் கேள்வி இடிக்கக் காரணம், ஆத்துமா சாகாது என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு அப்புறம் வசனத்தை வாசிப்பது. ஆதாமிடம் தேவன் கடைசியாகச் சொன்ன தண்டனையை எடுத்துப் பாருங்கள்: "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்." அக்கினி, வேதனை, நித்தியம் என்று ஒரு சொல் இல்லை. உலகத்திலேயே பெரிய தண்டனையை அறிவிக்கிற இடத்தில் அதில் பெரும்பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுவாரா? "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்கிறது பிரசங்கி 9:5. ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்குப் பயப்படுங்கள் என்று இயேசு சொன்னார் (மத்தேயு 10:28). அழிக்க.

மரணத்தில் தாத்தா தூங்குகிறார். உயிர்த்தெழுதலில் எழுப்பப்பட்டு நியாயத்தீர்ப்பு. அதற்குப் பிறகு ஜீவன், அல்லது ஒரேயடியாக இல்லாமல் போவது. நடுவில் வதை இல்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் இந்தப் பக்கம்தான். யெகோவாவின் சாட்சிகள் இன்னும் ஒரு படி மேலே போய், நீங்கள் காட்டிய ரோமர் 6:7-ஐ நேரடியாகவே எடுத்துக்கொள்கிறார்கள்: பழைய பாவம் சாவோடு தீர்ந்தது, எழுந்த பிறகு கிறிஸ்துவின் ஆயிரவருஷ ஆட்சியில் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை வைத்தே தீர்ப்பு. நான் அவர்களில் ஒருவன் இல்லை. ஆனால் அந்தப் பெண் பிள்ளை கேட்ட கேள்வியை அவர்களாவது கேள்வியாக மதித்திருக்கிறார்கள்.

---

வழிப்போக்கன்

நான் சைவக் குடும்பம். எங்கள் பக்கமும் இந்த ஓட்டை இருக்கிறது, கவலைப்படாதீர்கள். செத்ததும் சித்திரகுப்தன் ஏட்டைப் புரட்டுவார், யமன் நரகத்துக்கு அனுப்புவார், எண்ணெய்க் கொப்பரை வரைக்கும் பார்த்துவிட்டு வந்தால் அதே வினைக்கு மறுபடி ஒரு பிறவி. நரகத்தில் எவ்வளவு கழிந்தது, பிராரத்தத்தில், அதாவது இந்தப் பிறவியில் அனுபவிக்க வேண்டிய பழைய வினையில், எவ்வளவு மிச்சம் என்று பாட்டியிடம் கேட்டேன். "போய் விளக்கேத்து"ன்னு சொன்னாங்க.

---

பழைய பீடச்சிறுவன்

கத்தோலிக்கன். வயதானவன், கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஞானோபதேசத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று அல்ல, இரண்டு. செத்த உடனே ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை. உலக முடிவில் எல்லாருக்கும் பொதுத்தீர்வை. சிறுவனாக இருந்தபோது எனக்கும் இந்தப் பெண்ணின் சந்தேகம்தான்: முதல் தீர்வையில் முடிவாகிவிட்டால் இரண்டாவது எதற்கு? சாமியார் சொன்னார், ஒருவன் செய்த நன்மை தீமையின் பலன் அவன் செத்த அன்றோடு நிற்பதில்லை, அவன் கெடுத்த குடும்பம் பேரன் காலம் வரை கெடும், எல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் முழுக்கணக்கு தெரியும் என்று. இன்றைக்கும் எனக்கு அது நல்ல பதிலாகத்தான் படுகிறது.

இந்த விஷயத்தில் கேள்வி கேட்பது தப்பு என்று யாராவது பயமுறுத்தினால் 22-ஆம் யோவான் பாப்பரசர் கதையைச் சொல்லுங்கள். 1331-இல், பாப்பரசர்கள் அப்போது இருந்த பிரான்சு பக்கத்து அவிஞ்ஞோன் நகரில் அவர் பிரசங்கம் செய்தார்: புனிதர்களின் ஆன்மாக்கள்கூடப் பொதுத்தீர்வை வரை கடவுளை முகமுகமாகப் பார்ப்பதில்லை, காத்திருக்கின்றன என்று. பாரீஸ் வேதசாஸ்திரிகள் பாப்பரசர் என்றும் பார்க்காமல் எதிர்த்தார்கள். பிரெஞ்சு ராஜாவும் அவர்கள் பக்கம். 1334 டிசம்பரில், இறப்பதற்கு முந்தின நாள், படுக்கையில் கிடந்தபடி அவர் தன் கருத்தை வாபஸ் வாங்கினார். அடுத்து வந்த 12-ஆம் பெனடிக்ட் 1336-இல்தான், சுத்தமான ஆன்மா உடனே கடவுளைக் காணும் என்று அதிகாரபூர்வமாகத் தீர்த்து எழுதினார். அதாவது, செத்த மறுகணம் என்ன நடக்கிறது என்பதில் பாப்பரசரே தடுமாறி, சபையே திருத்திய விஷயம் இது. பன்னிரண்டு வயதுப் பெண் தடுமாறினால் என்ன?

உங்கள் நீதிமன்றக் கணக்குக்கு உத்தரிக்கிற ஸ்தலம் (செத்த பின் ஆன்மா சுத்தமாக்கப்படும் நிலை) பதில் ஆகும் என்று நினைத்தேன், ஆனால் ஆகாது. அது ஏற்கெனவே மீட்கப்பட்டவர்களுக்கு. ஞானஸ்நானம் பெறாத அந்தத் தாத்தாவைப் பற்றி ரோமர் 2:14-15-ஐத்தான் காட்டுவேன். நியாயப்பிரமாணம் (மோசே வழியாக வந்த சட்டம்) இல்லாதவர்களுக்கு அவர்கள் மனசாட்சியே சாட்சி என்று அங்கே எழுதியிருக்கிறது.

---

சுருக்கெழுத்துக்காரி

எல்லாருக்கும் நன்றி. வழிப்போக்கன், உங்கள் பாட்டிக்கும்.

போதகர் ஐயா, எபிரெயர் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புதிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று மரணம் என்ற விளக்கத்தில் எனக்கு ஒரு குறுக்கு விசாரணை இருக்கிறது. சம்பளம் என்றது முழு மரணத்தை என்றால், பாடப் படத்தில் சவப்பெட்டி ஏன் இருக்கிறது? ஒருவர் இறந்த வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று வாசிக்கும்போது, கேட்கிறவர்களுக்கு அங்கே கிடப்பவர்தான் கண்ணில் படுகிறார். அப்போது யாரும் இது ஆவிக்குரிய மரணம் என்று திருத்துவதில்லை. கேள்வி கேட்டால் மட்டும் விளக்கம் மாறுகிறது. கோர்ட்டில் ஒரு சாட்சி முதல் விசாரணையில் ஒன்றும் குறுக்கு விசாரணையில் வேறொன்றும் சொன்னால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்துக் காட்டுவார்கள்.

ஹைடெல்பெர்க் பதிலைப் பத்துத் தடவை வாசித்தேன். விசுவாசியின் சாவு ஈடு அல்ல என்கிறது. சரி. விசுவாசியின் சாவும் அந்தத் தாத்தாவின் சாவும் வெளியே பார்க்க ஒன்றுதான். அதே இருமல், அதே ஆக்ஸிஜன் குழாய், அதே மாதிரி கடைசி மூச்சு. ஒன்று வாசல், மற்றொன்று தண்டனையின் முதல் தவணை என்று ஒரு பிள்ளையிடம் எந்த முகத்தோடு சொல்வது?

நீங்கள் எல்லோரும் எழுதியதை வைத்துக்கொண்டு ரோமர் 5-ஐ மறுபடி எடுத்தேன். 13, 14-ஆம் வசனங்கள். நியாயப்பிரமாணம் இல்லாத காலத்தில் பாவம் எண்ணப்படமாட்டாது, அப்படியிருந்தும் ஆதாமைப்போல் மீறாதவர்களையும் மரணம் ஆண்டுகொண்டது என்கிறார் பவுல். பாவம் எண்ணப்படாதவனும் சாகிறான் என்றால், அவனுடைய சாவு அவன் வழக்கின் தீர்ப்பு அல்ல. ஒரு கொடுங்கோலன் ஆட்சியில் எல்லாரும் அகப்பட்டுக்கொண்ட மாதிரிதான் பவுல் பேசுகிறார். 1 கொரிந்தியர் 15:26-இல் அதைச் சத்துரு என்றே சொல்கிறார், பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு. வெளிப்படுத்தின விசேஷம் 20-இல் நியாயத்தீர்ப்பு முடிந்ததும் மரணமும் பாதாளமும் அக்கினிக்கடலில் தள்ளப்படுகின்றன. தண்டனையை நிறைவேற்றும் உத்தியோகஸ்தனாக இருந்தால் மரணத்தை ஏன் கடைசியில் குற்றவாளிகளோடு சேர்த்துத் தள்ள வேண்டும்?

அதனால் நான் வந்து நிற்கிற இடம் இதுதான்: தாத்தா செத்தது தாத்தாவுக்குக் கிடைத்த தண்டனை என்று நான் இனிப் பாடம் நடத்தமாட்டேன். அந்தப் பெண்ணின் கேள்வி இடித்ததற்குக் காரணம் இரண்டாவது கட்டம்தான், மூன்றாவது அல்ல.

மூன்றாவதை எடுத்துவிடச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இதை மண்ணுக்குத் திரும்புகிறவருக்குச் சொல்கிறேன், சாவோடு பழைய கணக்கு தீர்ந்தது என்று நினைக்கிற எல்லாருக்கும்தான். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், இறந்துபோனால் எங்கள் வேலை சுலபம். இறப்புச் சான்றிதழைத் தாக்கல் செய்வார்கள், இன்னார் இறந்துவிட்டபடியால் அவர் மீதான வழக்கு முடித்துவைக்கப்படுகிறது என்று சில வரி உத்தரவு, நான் அடித்துக் கொடுத்தால் கையெழுத்து. கூண்டு காலி. ஆனால் பின்பெஞ்சில் ஒரு அம்மா வாய்தாவுக்கு வாய்தா வந்து உட்கார்ந்திருப்பார், மகளுடைய போட்டோவை பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு. என்ன முடிவாச்சு என்று என்னிடம் வந்து கேட்பார். குற்றம் செய்தானா இல்லையா என்றுகூட யாரும் சொல்லாமலே வழக்குக் கட்டு மூடப்பட்டது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? செத்தவன் தப்பித்தான் என்பதுதான் அவர் காதில் விழும். சாவு ஒரு வழக்கையும் தீர்ப்பதில்லை, நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்காகவாவது சாவுக்கு அப்புறம் ஒரு விசாரணை இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். பீடச்சிறுவன் ஐயாவின் சாமியார் சொன்னது இதற்குப் பக்கத்தில் வருகிறது.

கீழ் அம்பு பற்றி நான் இன்னும் எந்த முடிவுக்கும் வரவில்லை. லூக்கா 12:47-48-இல் சிலருக்கு அநேக அடிகள், அறியாதவனுக்குச் சில அடிகள் என்று அளவு வித்தியாசம் இருக்கிறது. சில அடிகள் என்றால் எண்ணிக்கைக்கு ஒரு முடிவு இருக்கும் அல்லவா? முடிவே இல்லாத ஒன்றில் கூடவும் குறையவும் எப்படி அளப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. இது பிள்ளைகள் கேட்டதல்ல, என் சொந்தச் சந்தேகம்.

இந்த வாரம் படத்தை ஒதுக்கிவிட்டு லூக்கா 13 எடுக்கப்போகிறேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று அவரே சொல்கிறார்.

---

வேதாகமக் கல்லூரி பழைய மாணவன்

சவப்பெட்டி விஷயம் எனக்குச் சுருக்கென்றது. அடக்க ஆராதனையில் அந்த வசனத்தை எடுப்பது எங்களுக்குக் கை வந்த பழக்கம். யோவான் 11-ஐ எடுத்தால் லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசுவே கண்ணீர் விட்டதைச் சொல்ல வேண்டிவரும், அது தண்டனைப் பிரசங்கத்தோடு ஒட்டாது. யோசிக்கிறேன்.

ஆனால் ரோமர் 5-ஐப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 12-ஆம் வசனம் பாவத்தினாலே மரணம் வந்தது என்றுதான் ஆரம்பிக்கிறது. கொடுங்கோலன் தானாக வரவில்லை, வாசலைத் திறந்துவிட்டது நாம்தான். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். லூக்கா 13-இலும் அப்படியல்ல என்றதோடு புஸ்தகத்தை மூடிவிடாதீர்கள். "நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்" என்று அதே மூச்சில் சொல்லியிருக்கிறார். உங்கள் சூப்பரின்டென்டென்ட் அதைத்தான் முதலில் கேட்பார்.

---

சுருக்கெழுத்துக்காரி

வாசிப்பேன் ஐயா, முழுதாகவே. அந்த எச்சரிக்கை நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. கோபுரத்தடியில் கிடந்தவர்களைப் பற்றி அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாத்தா விஷயத்தில் நானும் அதோடு நிறுத்திக்கொள்வேன். அவள் விடமாட்டாள், தெரியும். விடாவிட்டால் ஆதியாகமம் 18:25 இருக்கிறது, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் நேருக்கு நேராகக் கேட்டது. அவளுக்கு அந்த ஆளைப் பிடிக்கும்.

---

மண்ணுக்குத் திரும்புகிறவன்

அக்கா, அந்த அம்மா விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன், விசாரணை வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் லூக்கா 13:5 என் பக்கத்துச் சாட்சி. அந்த 18 பேருக்கு என்ன ஆனது? செத்தார்கள். அப்படியே என்றால் அதுதானே? பாஸ்டர் ஐயா இதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் போகட்டும்.

---

வேதாகமக் கல்லூரி பழைய மாணவன்

தனித் திரி போடுங்கள் தம்பி, அங்கே வருகிறேன். இங்கே சகோதரிக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பாடம் தயார் பண்ண வேண்டும்.